ஏர்கோன் போட்டால் காற்றோட்டம் ஆகிவிடுமா? மாடல் விமானத்துக்கு வர்ணம் அடிப்பவர்கள் கவனத்துக்கு

பினாங்கில் போர் விமானப் பைத்தியத்துக்குக் குறைவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் விமானப் படைத் தளம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியபோது அங்கிருந்தும் பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. பிறகு ஆஸ்திரேலியர்களின் சேபர், மிராஜ், நம் அரச விமானப் படையின் எஃப்-5, ஹார்னெட். இதைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்த பையன்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும் அசலின் 1/72, 1/48 அளவில் மாடல்களாக மேசையிலேயே செய்து பார்க்கிறார்கள். 11.23 மீட்டர் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் 1/72-இல் 15.6 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள் விமானி இருக்கை, இருக்கை வார், கருவிப் பலகையின் ஒவ்வொரு முள்ளும் இருக்க வேண்டும். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி தூரிகை நுனியால் புள்ளி வைப்பார்கள். அவர்கள் அந்த மூச்சை விட்டு மறுபடி இழுக்கும்போதுதான் எனக்குக் கவலை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் காற்றை அளந்து சொல்வது என் பிழைப்பு. வர்ணத்தை இளக்கும் தின்னர் போன்ற கரைப்பான் புழங்கும் இடத்தில் தொழிலாளி எதைச் சுவாசிக்கிறார், உறிஞ்சும் விசிறி உண்மையிலேயே உறிஞ்சுகிறதா, கொடுத்த முகமூடி அந்த ரசாயனத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பேன். இதற்கெல்லாம் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது; அதன் கீழ் 2000-இல் வந்த ரசாயன விதிமுறைகளும் இருக்கின்றன. அதே தொழிலாளி சனிக்கிழமை ராத்திரி தன் படுக்கையறையில் அதே மாதிரி தின்னரைத் திறந்தால் கேட்க நாதியில்லை.

சுங்கை ஆராவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிற தம்பி ஒருவர் தலைவலி என்று என்னிடம் வந்தார். நுணுக்க வேலையால் கண் களைத்துப்போகிறது என்று நினைத்து மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறார். "பவர் மாத்தியாச்சுண்ணே, இன்னும் வலிக்குது. சனி, ஞாயிறுதான் ஜாஸ்தி" என்றார். சனி, ஞாயிறு என்றதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

1969-இல் ஆஸ்திரேலியா நம் விமானப் படைக்குக் கொடுத்த சேபர் மேசையில் இருந்தது. அழகான வேலை. உலோகப் பளபளப்புக்காக முதலில் பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன் மேல் தின்னரில் கரைந்து சட்டென்று காயும் லேக்கர் வகை வெள்ளி வர்ணத்தைத் தெளிப்பானால் (ஏர்பிரஷ்) மெல்ல மெல்ல ஏற்றியிருந்தார். பக்கத்தில் தெளிப்புப் பெட்டி, அதாவது தெளிக்கும்போது எழும் ஆவியை விசிறியால் உறிஞ்சும் பெட்டி. அதன் பின்னாலிருந்து வெளியே போக வேண்டிய குழாய் சுருட்டிய நிலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஏர்கோன் 20 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"திறந்தா பெயிண்ட் வெள்ளையா பூத்துடுதுண்ணே."

அவர் சொன்னதில் தவறில்லை. லேக்கர் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது வர்ணப் பரப்பைக் குளிர வைக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்து, காயும் வர்ணத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பளபளக்க வேண்டிய இறக்கை சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் போடும் காணொளிகளில் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. இங்கே எல்லோரும் தாமாகவே கண்டுபிடிக்கும் வைத்தியம் ஒன்றுதான்: கதவு, ஜன்னலை அடைத்து, ஏர்கோனைப் போட்டு, அறையைக் காய வைப்பது. வர்ணத்துக்கு அது நல்ல வைத்தியம். நுரையீரலுக்கு அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

வீட்டுச் சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, ஈரத்தை வடித்துத் திரும்ப விடுகிறது. அதன் வடிகட்டி தூசியைப் பிடிக்கும். கரைப்பான் ஆவி அப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

எவ்வளவு ஆவி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள படுக்கையறையில் ஏறக்குறைய 24 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் தின்னரில் இருக்கும் கரைப்பான்களில் ஒன்றான டொலுவீன் வெறும் 10 மில்லிலிட்டர் முழுவதும் ஆவியானால் காற்றில் சுமார் 95 பிபிஎம் (பத்து லட்சத்தில் 95 பங்கு) சேரும். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் 8 மணி நேரச் சராசரிக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 20 பிபிஎம். உங்கள் தின்னர் முழுக்க டொலுவீனாக இருக்காது என்பது உண்மைதான். சைலீன், பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் என்று கலந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேறு. ஆனால் தலைச்சுற்றல், மந்தம் என்று பார்த்தால் இவையெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து இழுப்பவை. தெளிப்பானைக் கழுவ மட்டும் 10 மில்லிக்கு மேல் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஹார்ட்வேர் கடையில் ஐந்து லிட்டர் டின்னாக வாங்கிய மலிவுத் தின்னரில். இன்னொன்று: அந்த வரம்பு ஆரோக்கியமான வேலையாளுக்காக, வேலை முடிந்து அவர் வேறு காற்றுக்குப் போய்விடுவார் என்ற கணக்கில் போட்டது. அதே அறையில் படுத்துத் தூங்குகிறவருக்காகப் போட்டதல்ல.

"எனக்கு வாசனையே தெரியலையே" என்று தம்பி சொன்னார். சில நிமிடங்களிலேயே மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து உள்ளே நுழைந்த அவர் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. திட்டிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

முகமூடி போட்டிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். புகைமூட்டக் காலத்தில் வாங்கி மிச்சமிருந்த என்95. அது துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. லேக்கருக்கு வேண்டியது முகத்தோடு ஒட்டி உட்காரும் ரப்பர் அரைமுகமூடி. அதில் கரைப்பான் ஆவிக்கான கரிக் குப்பியும் அதன் மேல் துகள் வடிகட்டியும் இருக்க வேண்டும். கரி ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் நம் ஊரில் குப்பி சீக்கிரம் செத்துவிடும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி வைக்காமல் மேசையில் விட்டால், நீங்கள் தூங்கும்போதும் அது அறைக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது, இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே வரும். தைப்பூசத்துக்கு முடி வளர்க்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: விரதம் முடியும்வரை லேக்கரை ஒத்திப் போடுங்கள், தூரிகை வேலையைப் பாருங்கள்.

ஆனால் முகமூடி கடைசிக் காவல்தான். முதலில் சரி செய்ய வேண்டியது காற்றின் வழி. ஈரமும் வரக் கூடாது, ஆவியும் தங்கக் கூடாது என்றால் என்ன செய்வது? விடை பக்கத்து அறையில் இருக்கிறது. தம்பி வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். ஜன்னல் அளவுக்குப் பலகை வெட்டி, அதில் வட்ட ஓட்டை போட்டு, பெட்டியின் குழாயை அதில் பொருத்தி வெளியே விட்டோம். ஜன்னலின் மற்ற இடுக்குகளை அடைத்தோம். ஹாலில் ஏர்கோனைப் போட்டு, அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தோம். பெட்டி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக ஹாலின் உலர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஆவி எதிர்ப்பக்கமாக ஹாலுக்குப் போவதில்லை, ஏனென்றால் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். கதவை முழுக்கச் சாத்திவிட்டால் விசிறி சத்தம் போடுமே தவிரக் காற்று நகராது. இதைத் தொழிற்சாலைகளிலேயே நிறையப் பார்க்கிறேன்.

பெட்டி வாங்கும்போது விசிறியைப் பாருங்கள். பெட்டியின் வாய் 42 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் என்றால், வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக மணிக்குச் சுமார் 227 கன மீட்டர் வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் குழாய் மாட்டாமல் அளந்தது. குழாய் நீளமாகி இரண்டு இடத்தில் மடங்கினால் கணிசமாகக் குறைந்துவிடும். சோதிப்பது எளிது: எந்தப் போத்தலையும் திறப்பதற்கு முன், பெட்டி வாயருகே ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை நேராக உள்ளே ஓட வேண்டும். வாயிலேயே சுழன்று முகத்துக்குத் திரும்பினால் தெளிப்பானைத் தொடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு வடிகட்டி வர்ணத் துகளை மட்டும் பிடிக்கும், எனவே குழாயை வெளியே விடாத பெட்டி அலங்காரப் பொருள். குழாயின் வெளிமுனை பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்து இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளுப்பு இன்னும் தொல்லை கொடுத்தால் மெதுவாகக் காயும் தின்னரைப் பயன்படுத்துங்கள். மழையில்லாத பிற்பகலில் அடித்துப் பாருங்கள், காற்றின் ஈரப்பதம் அன்றைக்கு அப்போதுதான் குறைவாக இருக்கும்.

ஊதுவத்தி என்றதும் நெருப்பு. தின்னர் ஆவி எந்த வெப்பநிலையில் தீப்பற்றத் தயாராகிறது என்பதற்கு அளவுகள் உண்டு: அசிட்டோனுக்கு மைனஸ் 20 டிகிரி, டொலுவீனுக்கு 4, ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு 12, பியூட்டைல் அசிடேட்டுக்கு 22. நம் வீட்டு வெப்பம் 30. ஆக எல்லாமே தயார் நிலையில்தான் இருக்கின்றன. இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். பூசையறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதோ, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்திலோ தின்னரைத் திறக்கவே கூடாது. எண்ணெய் வர்ணம் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

"அப்படியானால் லேக்கரை விட்டு அக்ரிலிக் வர்ணத்துக்கு மாறிவிடுகிறேன்" என்பவர்களுக்கு: நல்ல முடிவு, ஆனால் முழு விடுதலை கிடையாது. தமியா நிறுவனத்தின் அக்ரிலிக்கில் ஆல்கஹால் இருக்கிறது. தண்ணீரில் கரையும் வகைகளும் தெளித்தால் நுண்துளிகளாகி நெஞ்சுக்குள் போகும். அதற்கு அந்தப் பழைய என்95 உதவும். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் யூரித்தேன் மேற்பூச்சை வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அதன் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் நெஞ்சு அடைக்கும். ரெசினில் வார்த்த மாடல் பாகங்களை ஈரத்தோடு தேய்த்தால் தூசி பறக்காது. சூப்பர் குளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், சுடும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் லேக்கர் வேலையைப் பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் சமரசம் பேசுவதில்லை.

தலைவலி, கிறுகிறுப்பு, இருமல் என்று கிளினிக் போனால், "பெயிண்ட் அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் டாக்டர் சுவருக்கு அடிக்கும் பெயிண்டைத்தான் நினைப்பார். லேபிளைப் படம் எடுத்துப் போங்கள். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத்தாளை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். என்றைக்கு அடித்தீர்கள், எத்தனை மணி நேரம், வெளிக்காற்றுக்குப் போனால் குறைகிறதா என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை தின்னரைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தேசிய நஞ்சு மையம் நம் தீவிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யுஎஸ்எம்) வளாகத்தில்தான் இருக்கிறது. டாக்டரானாலும் அந்த மையமானாலும் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஐந்து லிட்டர் டின்னிலிருந்து மினரல் வாட்டர் போத்தலுக்கு மாற்றி ஊற்றி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை எடுத்துவிட்டு, மூடி இறுகும் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பெயர் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.