கோலமும் ரங்கோலியும்: ஒரு சொல் விளக்கம்

பொங்கல் நெருங்கினால் தெருவுக்குத் தெரு ‘ரங்கோலிப் போட்டி’ என்று தட்டி வைத்துவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பாதிப் பேர் புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் மயில் தோகைக்குப் பச்சைப் பொடி நிரப்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு திறமை. ஒரே பெயரில் இரண்டையும் நிறுத்தினால் பரிசு எப்போதும் மயிலுக்குத்தான் போகும்.

ரங்கோலி வடமொழி வழி வந்த சொல். ரங்கம் என்றால் நிறம், ஆவலி என்றால் வரிசை. ‘ரங்கவல்லி’ என்ற வடிவமும் உண்டு. அதில் வல்லி கொடியைக் குறிக்கும். மராத்தியிலும் கன்னடத்திலும் இன்றும் ரங்கோலிதான் வீட்டுச் சொல். தெலுங்கில் முக்கு, வங்காளத்தில் அல்பனா. பெயரே சொல்வதுபோல ரங்கோலியின் உயிர் நிறம். தமிழ்நாட்டு வழக்கிலும் அந்தப் பொருள்தான் ஒட்டிக்கொண்டது: புள்ளியில்லாமல் கைபோன போக்கில் வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்பினால் ‘ரங்கோலி’.

கோலம் அப்படி ஒரே பொருளில் அடங்குகிற சொல் அல்ல. அழகு, தோற்றம், ஒப்பனை, வேடம் எல்லாம் அதற்குள் உண்டு. மணக்கோலம், பெருமாளின் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், ‘இது என்ன கோலம்?’ என்ற அம்மாவின் அதட்டல், கலைந்து கிடந்தால் அலங்கோலம். ஆண்டாள் திருப்பாவையில் ‘கோல விளக்கே’ என்பது அழகிய விளக்கைத்தான். அதே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் தை, மாசி மாதத்து நோன்பைச் சொல்லும்போது ‘தண் மண்டலம் இட்டு’ என்கிறாள், ‘வெள்ளை நுண்மணற் கொண்டு தெருவணிந்து’ என்கிறாள். தரையைத் துலக்கி வெள்ளைப் பொடியால் தெருவை அலங்கரிக்கும் வேலை அங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த அடிகளில் அதற்குக் கோலம் என்று பெயரில்லை, பொடியும் அரிசிமாவு இல்லை, மணல்.

‘கோலுதல்’ என்று ஒரு வினை உண்டு: வளைத்தல், சூழ அமைத்தல். வெள்ளம் வருமுன் அணை கோலுவது அதுதான். புள்ளியை வளைத்துச் செல்லும் கோட்டைப் பார்த்தால் இதிலிருந்துதான் கோலம் பிறந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும். அழகான ஊகம், ஆனால் அழகு, தோற்றம் என்ற பழம்பொருளுக்கு அது விடை சொல்லவில்லை. தரையில் இடும் ஒப்பனை என்ற வழியில் பொருள் குறுகி வந்ததாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மலையாளத்தில் படயணி என்ற கோயில் கூத்தின் கோலமும் சிங்களத்தில் முகமூடிக் கூத்தான கோலமும் வேடம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சரி, ரங்கோலிக்குத் தமிழ் என்ன? கோலம் என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. நிறம் நிரப்பியதற்கு வண்ணக்கோலம், இதழ் பரப்பியதற்குப் பூக்கோலம், அரைத்த மாவில் போட்டதற்கு மாக்கோலம் அல்லது இழைக்கோலம், புள்ளியைச் சேர்த்து வரைந்தால் புள்ளிக்கோலம், புள்ளியைச் சுற்றி வளைத்தால் சிக்குக்கோலம். சிக்குக்கோலத்தைக் கம்பிக்கோலம் என்றும் சுழிக்கோலம் என்றும் சொல்வார்கள். இவை எல்லாம் வீட்டில் புழங்கும் பெயர்களே, யாரும் உட்கார்ந்து உருவாக்க வேண்டியதில்லை.

புள்ளியில் இரண்டு வகை. மேல்வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி வந்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவில் வந்தால் இடுக்குப்புள்ளி. ஊடுபுள்ளி, சந்துப்புள்ளி என்பதும் இதுவே. நோட்டில் ‘15 புள்ளி, இடுக்குப்புள்ளி, 8 வரை’ என்று குறித்திருந்தால் நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி, ஆறு பக்க வடிவம். ‘7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை’ என்றால் 7, 5, 3, 1 என்று இரண்டிரண்டாகக் குறையும். மொத்தம் 25 புள்ளி, சாய்சதுரம்.

எப்போதும் நீளமான நடு வரிசையை முதலில் வைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் சின்னக் கோணல்கூட ஒவ்வொரு வரிசையாகக் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் கோலம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இடுக்குப்புள்ளியில் பலர் தவறுவது வரிசை இடைவெளியில். புள்ளிக்குப் புள்ளி 4 விரல் விட்டால் வரிசைக்கு வரிசை 3½ விரல்தான் விட வேண்டும். அப்போதுதான் பக்கத்துப் பக்கத்து மூன்று புள்ளிகள் சமபக்க முக்கோணமாக அமையும். இங்கும் 4 விரல் விட்டால் வட்டம் முட்டையாகிவிடும், ஆறிதழ்ப் பூ நெட்டையாகிவிடும். கையில் தவறில்லை, புள்ளியில்தான் தவறு.

சிக்குக்கோலத்துக்குச் சட்டம் கறாரானது. கோடு புள்ளியைத் தொடக்கூடாது, எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் விடுபடக்கூடாது, தொடங்கிய கோடு தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். ஒரே இழையில், அதாவது அறுபடாத ஒரே கோட்டில், முடியுமா என்பதை மாவைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். நேர்ப்புள்ளியைச் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்ளும்படி ஓட்டினால், இழைகளின் எண்ணிக்கை இரண்டு பக்கத்துப் புள்ளி எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. 3-க்கு 4 வைத்தால் ஒரே இழை. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 4-க்கு 4 வைத்தால் நான்கு இழை, எவ்வளவு கெட்டிக்காரக் கையானாலும் நான்குதான்.

அதை ஒன்றாக்கவும் வழி உண்டு. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே குறுக்கே போகாமல் இரண்டையும் முதுகோடு முதுகாக வளைத்துவிட்டால் இரண்டும் ஒரே இழையாகிவிடும். நான்கை ஒன்றாக்க மூன்று இடங்கள் போதும். ஒரே இழை தன்னைத்தானே வெட்டும் இடத்தில் இதைச் செய்தால் சில நேரம் அது இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் கைவைக்கும் முன் இழையை விரலால் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்த ஒழுங்கைக் கணினி அறிவியல்காரர்களும் விடவில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோல வடிவங்களுக்கு இலக்கணம் எழுதி 1974-இல் ஆய்வுக்கட்டுரையே வெளியிட்டார்கள்.

பொடிக்குப் பச்சரிசியைச் சற்று நறநறப்பாகத் திரிக்க வேண்டும். நைஸாக அரைத்த மாவு விரலில் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழும், இழை அறுந்து அறுந்து வரும். கடையில் விற்கும் வெள்ளைக்கல் மாவு சீராக விழும், எறும்புக்குத்தான் பயனில்லை. தெளித்த தண்ணீர் தரையில் இழுத்துக்கொண்டு ஈரம் மட்டும் மிஞ்சும் நேரமே சரியான நேரம். தேங்கியிருந்தால் கோடு பரவும், காய்ந்திருந்தால் காற்றில் பறக்கும்.

மாக்கோலத்துக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைபோல அரைத்து, பால் பதத்துக்குக் கரைப்பார்கள். சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து, கட்டைவிரலால் அழுத்த அழுத்த, மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும். ஈரத்தில் கோடு கண்ணுக்கே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். தெரியவில்லையே என்று மறுபடி அதன்மேல் ஓட்டினால் கோடு தடித்து, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும். மங்கல நாட்களில் ஒற்றை இழை விடுவதில்லை, இரட்டை இழைதான். ஓரத்தில் காவி.

வண்ணக்கோலத்தில் முதலில் போட்ட வெள்ளைக் கோடு நிறத்துக்கு அடியில் மறைந்துவிடும். எனவே வண்ணம் நிரப்பி முடித்த பிறகு ஓரக்கோட்டை இன்னொரு முறை வெள்ளையால் இழுக்க வேண்டும். வண்ணம் சீராகத் தூவ மணல் கலக்கலாம். பொடி உப்பு கலப்பவர்களும் உண்டு. மார்கழிப் பனியில் நனைந்த வாசலில் அந்த உப்பு கரைந்து, சிவப்பும் பச்சையும் ஒன்றில் ஒன்று ஓடிவிடும்.