காதுக்குள் நகரும் தோல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "குளிச்சு முடிச்சதும் வலது காது அடைச்சிக்கிச்சு. பஞ்சுக் குச்சி விட்டுக் குடைஞ்சேன், இன்னும் மோசமாயிருச்சு. ஏன் தம்பி?"

காதில் சேரும் மெழுகான குறும்பி அழுக்கு இல்லை. காதுக் குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் உள்ள சுரப்பிகளின் கசிவும் உதிர்ந்த தோலும் சேர்ந்தது. தோலை வறளவிடாது, லேசான அமிலத்தன்மையால் கிருமிகளை அடக்கும். சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். அது வெளியேறும் விதம்தான் எனக்குத் தீராத வியப்பு.

மற்ற இடங்களில் தோல் செல்கள் அடியில் பிறந்து, மேலே வந்து, உதிர்ந்துவிடும். ஒரு முனை மூடிய இரண்டரை சென்டிமீட்டர் குழாயில் அப்படியே உதிர்ந்துகொண்டிருந்தால் சீக்கிரம் தூர்ந்துபோகும். அதனால் இங்கே தோலே பக்கவாட்டில் நகர்கிறது! செவிப்பறையின் நடுவில் புறப்பட்டு, விளிம்புக்கு வந்து, குழாய்ச் சுவரோடு ஊர்ந்து வாசலை அடைகிறது. செவிப்பறையில் மைப்புள்ளி வைத்து, அது நாளுக்கு நாள் இடம் மாறுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய நகம் வளரும் வேகம். ஆலையில் பழங்களை ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டைப் போல, குறும்பியும் தூசியும் அதன்மேல் வெளியே வருகின்றன. ரொட்டி சானாய் மெல்லும்போது தாடை அசைவதும் அதற்கு ஒத்தாசை.

பஞ்சுக் குச்சி அந்தப் பெல்ட்டுக்கு எதிராகத் தள்ளுகிறது. அண்ணனுக்கோ, ஆலை இரைச்சலுக்காக நாள் முழுக்கப் போடும் காதடைப்பானும் வாசலை மறித்திருக்கும். தேங்கிய குறும்பி குளிக்கிற தண்ணீரில் ஊறி உப்பினால் காது சட்டென அடைக்கும்.

சில நாட்கள் இரண்டு மூன்று சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றவே கூடாது. வலி, சீழ், முன்பே செவிப்பறையில் ஓட்டை என்றால் எதையும் விடாமல் மருத்துவரிடம் போங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கே கழுவினால் உடல் சூட்டில் உள்ள நீரைத்தான் பயன்படுத்துவார்கள். குளிர்ந்த நீர் உள்காதின் சமநிலை உறுப்பைக் கலக்கித் தலைசுற்ற வைக்கும்.

குறும்பியை உறிஞ்சி எடுக்கும் என்று சொல்லிக் காதில் வைத்து எரிக்கும் காது மெழுகுவர்த்தியை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எரிந்தபின் அடியில் காட்டுவது மெழுகுவர்த்தியின் சொந்த மெழுகு. காதுக்கு வெளியே எரித்தாலும் அதுவே கிடைக்கும். காது சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அப்புறம் அண்ணே, இதற்காகக் காதடைப்பானை விட்டுவிடாதீர்கள். ஆலை இரைச்சலில் அழியும் உள்காது செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஃபோம் அடைப்பானை அடிக்கடி மாற்றுங்கள், கை கழுவிவிட்டுப் போடுங்கள்.