பழைய கொன்பிக் கோப்பு ஆர்ம் போர்டுக்கு ஆகுமா?

திருகோணமலையில் சின்ன அலுவலகங்கள், நிலாவெளிப் பக்கத்து விடுதிகள், தனியார் கல்வி நிலையங்கள் என்று சேர்வர் வேலைக்குப் போய்வருகிறேன். மின்கட்டணம் ஏறியதிலிருந்து பெரிய டெஸ்க்டொப்பை இரவும் பகலும் ஓட விட யாருக்கும் மனமில்லை. அதனால் இளம் டெக்னீஷியன்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணை, பழைய இன்டெல் மெஷினில் வடிவா ஓடின கேர்னல் கொன்பிக் கிடக்கு. அதையே ராஸ்பெரி பைக்குப் போட்டுக் கம்பைல் பண்ணினால் வி.எம். ஓடுமா?" கொன்பிக் என்பது லினக்ஸின் மையமான கேர்னலில் எதெது இருக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு. வி.எம். என்பது ஒரு மெஷினுக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு மெஷின். பழைய இன்டெல் மெஷின் எக்ஸ்86 வகை, ராஸ்பெரி பை ஆர்ம் வகை பிராசசரில் ஓடும் சின்னப் போர்டு.

கம்பைல் ஆகும். கேர்னல் பூட் ஆகவும் கூடும். வி.எம். மட்டும் ஓடாது.

பிராசசரின் உதவியோடு வி.எம்.களை ஓட்டும் கேர்னல் பகுதிதான் கேவிஎம். அது 2007இல் லினக்ஸ் 2.6.20உடன் வந்தபோது எக்ஸ்86 பிராசசர்களுக்கு மட்டும்தான் இருந்தது. 64 பிட் ஆர்முக்கு 2013இல் 3.11உடன் வந்தது. பெயர் ஒன்றுதான், உள்ளே வேலை செய்யும் விதம் வேறு. எக்ஸ்86இல் பொதுவான கேவிஎம் தெரிவுக்குக் கீழே இன்டெலுக்கு ஒன்று, ஏஎம்டிக்கு ஒன்று என்று தனித் தெரிவுகள் உண்டு. எல்லாவற்றையும் மொடியூலாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டாகப் போடலாம், வேண்டுமானால் கழற்றலாம். 64 பிட் ஆர்மில் அப்படி இல்லை. அங்கே கேவிஎம் கேர்னலோடு சேர்ந்தே இருக்க வேண்டும், மொடியூல் என்ற பேச்சே கிடையாது. பூட் ஆகும்போதே பிராசசரின் ஈஎல்2 என்ற உயர் அதிகார நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான் காரணம்.

இப்போது பழைய கோப்பைக் கொண்டுவந்து, அதைப் புதிய கேர்னலுக்கு ஏற்ப மாற்றும் ஓல்ட்டெஃப்கொன்பிக் கட்டளையைக் கொடுத்தால் என்ன நடக்கும்? கேவிஎம்முக்கு மொடியூல் என்று எழுதியிருக்கும் வரி ஆர்முக்குச் செல்லாது. ஒரே ஒரு எச்சரிக்கை வரி திரையில் வந்து ஓடிப்போகும், கேவிஎம் இல்லை என்று பதிவாகும். இன்டெலுக்கான தெரிவு ஆர்மில் இல்லவே இல்லை என்பதால் அது சத்தமில்லாமல் காணாமல் போகும். கேர்னலின் கொன்பிக் கருவியில் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான். நாம் கேட்டதற்கும் அது தந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தானாகச் சொல்லாது, நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. போர்டிலேயே கம்பைல் செய்தால் நம்மூர் வெயிலில் 80 பாகை செல்சியஸைத் தொட்டு பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே டெஸ்க்டொப்பில் இருந்தபடியே ஆர்முக்காகக் கம்பைல் செய்வதே, அதாவது க்ராஸ் கம்பைலே, புத்தி. ஆனால் ஆர்க் என்ற மாறிக்கு ஆர்ம்64 என்ற மதிப்பை ஒவ்வொரு மேக் கட்டளையிலும் கொடுக்க வேண்டும். ஒரு தடவை மறந்து மெனுகொன்பிக் என்ற தெரிவுத் திரையைத் திறந்து சேமித்தால், கோப்பு முழுவதும் எக்ஸ்86 கோப்பாக மாறிவிடும். பிறகு ஆர்க் கொடுத்துச் சரிசெய்தாலும் இடையில் விழுந்த தெரிவுகள் திரும்பி வராது. முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கொன்பிக் சரியாக இருந்தும் வி.எம். ஓடாவிட்டால் பூட் பதிவைப் பாருங்கள். ஆர்மில் ஹைப் மோட் (அதுதான் ஈஎல்2) கிடைக்கவில்லை என்று இருந்தால், பேர்ம்வெயர் கேர்னலை ஈஎல்1 என்ற கீழ் நிலையில் இறக்கிவிட்டது என்று பொருள், எத்தனை தடவை கம்பைல் செய்தும் பயனில்லை. 32 பிட் கேர்னல் என்றால் 5.7 பதிப்பிலிருந்து ஆர்மில் கேவிஎம்மே நீக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்86இல் பயோஸ் முடக்கியிருக்கிறது என்று வரும். செகண்ட்ஹேண்ட் மெஷின்களில் இது சர்வசாதாரணம், பயோஸுக்குள் போய்த் திறந்துவிட்டால் சரி. ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு வகை பிராசசர் உள்ள போர்டு வாங்க நினைப்பவர்கள், வி.எம். ஓட்டத் தேவையான எச் நீட்டிப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 5.16 கேர்னலில் கேவிஎம் வந்துவிட்டது, மலிவான போர்டுகள் பலவற்றில் அந்த நீட்டிப்பு இல்லை.

வி.எம்.முக்குள் ஓடும் கேர்னலுக்கு வேறு கணக்கு. அதற்கு வைஃபை, சவுண்ட் எதுவும் வேண்டாம், வி.எம்.முக்கென்றே உள்ள விர்ட்டியோ டிரைவர்கள் வேண்டும். டிஸ்க்குக்கான விர்ட்டியோ கேர்னலுக்குள்ளேயோ, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ இல்லாவிட்டால் ரூட் டிஸ்க்கை மவுண்ட் செய்ய முடியாமல் கேர்னல் பேனிக்கில் நின்றுவிடும். லோக்கல்மொட்கொன்பிக் கட்டளையைப் பாவித்து ஹோஸ்ட்டில், அதாவது வி.எம்.மைத் தாங்கும் மெஷினில், எடுத்த கோப்பை வி.எம்.முக்குக் கொடுத்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அது அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும், ஹோஸ்டில் விர்ட்டியோ டிரைவர்கள் எங்கே ஏறியிருக்கப் போகின்றன?

திரை வெறுமையாக இருந்தால் உடனே தொங்கிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கேர்னலின் செய்திகள் வெளிவரும் சீரியல் கன்சோல் எக்ஸ்86இல் டிடிவைஎஸ்0, வி.எம். ஓட்டும் மென்பொருளான க்யூஈஎம்யூவின் ஆர்ம் விர்ட் மெஷினில் டிடிவைஏஎம்ஏ0. கேர்னல் பேசிக்கொண்டுதான் இருக்கும், நாம் வேறு வாசலில் காதை வைத்திருப்போம்.

இன்டெல் மெஷினில் ஆர்ம் வி.எம். ஓட்டக் கேட்பவர்களும் உண்டு. க்யூஈஎம்யூ அதைச் செய்யும், ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளாலேயே மாற்றி ஓட்டும். அங்கே கேவிஎம் உதவாது. சோதித்துப் பார்க்கப் போதும், கடைக் கணக்கை நம்பி விட முடியாது.

உண்மையில் இந்த அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த கேர்னலே தேவையில்லை. டெபியன், உபுண்டு கேர்னல்களில் கேவிஎம்மும் விர்ட்டியோவும் ஏற்கெனவே உண்டு, பாதுகாப்புத் திருத்தங்களும் அப்டேட்டோடு வந்து சேரும். 2018இல் இன்டெல் பிராசசர்களில் எல்1டிஎஃப் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபோது வி.எம்.முக்குள்ளிருந்து ஹோஸ்டின் நினைவகத்தைப் படிக்கும் ஆபத்து இருந்தது. கேர்னல் திருத்தம் வந்தது. தானே கம்பைல் செய்து மறந்துவிட்ட சேர்வருக்கு அது தானாகப் போய்ச் சேராது.

அப்படியும் கம்பைல் செய்தே ஆக வேண்டுமென்றால் முழுக் கோப்பைக் காவித் திரியாதீர்கள். அந்தந்த ஆர்க்கிடெக்சரின் டெஃப்கொன்பிக் என்ற இயல்புக் கோப்பில் தொடங்கி, வேண்டிய தெரிவுகளைச் சின்னத் துண்டுக் கோப்பாக எழுதி, கேர்னல் மூலத்தோடு வரும் மேர்ஜ் கொன்பிக் ஸ்கிரிப்ட்டால் சேருங்கள். விருந்தாளி கேர்னலுக்கு, அதாவது வி.எம்.முக்குள் ஓடுவதற்கு, கேவிஎம் கெஸ்ட் என்ற துண்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கேட்ட தெரிவு கடைசிக் கோப்பில் இல்லாவிட்டால் அந்த ஸ்கிரிப்ட் தெரிவின் பெயரோடு சொல்லிவிடும்.