ரீஜன்ட்: பெயருக்கு ஒருவர், ஆள ஒருவர்

அரசர் சிறுவனாகவோ ஆள முடியாதவராகவோ இருக்கும்போது அவருக்காக ஆள்பவர் ரீஜன்ட். லத்தீனில் 'ரெகெரெ' என்றால் ஆளுதல், வழிநடத்துதல். அதிலிருந்து வந்த 'ரீஜன்ட்' வெறுமனே 'ஆள்பவர்' என்றுதான் சொல்கிறது, யாருக்காக ஆள்கிறார் என்பதைச் சொல்வதில்லை. செர்பிய மொழியின் 'நமேஸ்னிக்' இதைவிடத் தெளிவு: 'மேஸ்தோ' என்றால் இடம், இன்னொருவர் இடத்தில் வைக்கப்பட்டவர் நமேஸ்னிக்.

1868 ஜூன் 10 அன்று பெல்கிரேடை ஒட்டிய கொஷுத்ன்யாக் காட்டில் செர்பிய இளவரசர் மிகைலோ சுட்டுக் கொல்லப்பட்டார். பட்டத்துக்குப் பிள்ளை இல்லை. சித்தப்பாவின் பேரன் மிலான் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தான், வயது 13. நாடாளுமன்றம் கூடும்வரை காத்திராமல், படைத்துறை அமைச்சர் பிளாஸ்னாவட்ஸ் அவனையே இளவரசன் என்று அறிவித்துவிட்டார். படை கையில் இருந்தது, யார் தடுப்பார்? பிளாஸ்னாவட்ஸ், ரிஸ்டிச், கவ்ரிலோவிச் மூவரும் ரீஜன்ட் ஆனார்கள்.

செர்பியா அப்போது உதுமானியப் பேரரசுக்கு உட்பட்ட நாடு. அதனால் வல்லரசுகளுக்கு அங்கே தூதர்கள் கிடையாது, அவர்களுக்குக் கீழ்நிலைப் பிரதிநிதிகளான கான்சல்கள்தான். ஆஸ்திரிய-ஹங்கேரிய கான்சல் பென்யமின் கால்லாய்க்குச் சிறுவன் பொருட்டே அல்ல. அவர் கண் பிளாஸ்னாவட்ஸ் மேல். உதுமானியர் வசம் இருந்த பக்கத்து போஸ்னியா செர்பியாவுக்குக் கிடைக்கும் என்று ஆசை காட்டி, அவரை வியன்னா பக்கம் இழுக்கப் பார்த்தார். ரஷ்யாவுக்கோ அதே பிளாஸ்னாவட்ஸ் மேல் சந்தேகம். போஸ்னியா பேச்சு வெறும் பேச்சாகவே நின்றதும், 1871-இல் ரீஜன்டுகள் மிலானைக் கிரிமியாவின் லிவாதியாவுக்கு அழைத்துப்போய் ஜாரிடம் காட்டினார்கள். பட்டம் பையனுக்கு, பேரம் பெரியவர்களோடு.

தமிழில் என்ன சொல்வது? 'அரசப் பிரதிநிதி' என்கிறார்கள். அது வைஸ்ராய்க்குப் பொருந்தும்; அங்கே அரசர் வேறொரு நாட்டில் முழு அதிகாரத்தோடு இருப்பார். ரீஜன்ட் விஷயத்தில் அரசரால் ஆள முடியாது, அதுதான் வேறுபாடு. ஒருவர் பதவியை அவருக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பார்ப்பவரை இலங்கைத் தமிழில் 'பதில் ஜனாதிபதி', 'பதில் நீதவான்' என்பார்கள். அந்தத் தடத்தில் 'பதில் ஆட்சியாளர்', அந்த அமைப்புக்குப் 'பதிலாட்சி' என்பது என் தேர்வு. 'பதில்' உருது வழி வந்ததாயிற்றே என்று முகம் சுளிப்பவர்களுக்குப் 'பகர ஆட்சி' இருக்கிறது.

பதிலாட்சிக்குக் காலக்கெடு உண்டு. 1872-இல் மிலானுக்கு 18 ஆனதும் முதல் முறை முடிந்தது. 1889-இல் அவர் முடிதுறந்தபோது மகன் அலெக்சாண்டருக்கு 12 வயது. மறுபடி மூன்று பதில் ஆட்சியாளர்கள், மறுபடி ரிஸ்டிச். 1893 ஏப்ரலில் 16 வயதுப் பையன் அவர்களை அரண்மனைக்கு விருந்துக்கு அழைத்தான். சாப்பாட்டு மேசையிலேயே சிறைபிடித்து, 'எனக்கு வயது வந்துவிட்டது' என்று அறிவித்தான்.