இயர்போன் கழன்றால் ஒலி நிற்க வேண்டும்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சமய வகுப்புக்குச் சொற்பொழிவு கேட்கும் ஆண்ட்ராய்டு செயலி செய்து கொடுத்தேன். வெளியான வாரமே ஓர் அம்மா போன் செய்தார். எல்ஆர்டி ரயிலில் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கேஎல் சென்ட்ரலில் இறங்கும் நெரிசலில் யாருடைய பையோ இழுத்து இயர்போன் கழன்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை, ஸ்பீக்கரில் பெட்டி முழுக்கக் கேட்டது. "எங்க அமுத்தி நிறுத்துறதுன்னே தெரியல தம்பி, எல்லாரும் என்னையே பார்த்தாங்க" என்றார். குரல் நடுங்கியது.

தவறு என்னுடையது. செயலிக்குள் ஒலி, வீடியோ ஓட்டும் ஆயத்த நிரல் தொகுப்பு (லைப்ரரி) எக்ஸோபிளேயர். அதில் இதற்கென்றே 'ஹேண்டில் ஆடியோ பிகமிங் நாய்ஸி' என்ற அமைப்பு இருக்கிறது. நாம் போடாதவரை அது அணைந்தே இருக்கும். ஆடியோ ஃபோகஸும், அதாவது இப்போது ஒலிப்பது யார் என்ற உரிமையும், அப்படித்தான். அதைக் கேட்டு வாங்காவிட்டால் இன்னொரு செயலியின் பாட்டும் நம் பேச்சும் ஒன்றாக ஒலிக்கும். சொற்பொழிவு, பாடம் போன்றவற்றுக்குக் கன்டென்ட் டைப்பை, அதாவது ஒலியின் வகையை, 'ஸ்பீச்' என்று வையுங்கள். இசையானால் மேப்பின் குரல் வரும்போது சத்தம் குறைந்தால் போதும். பேச்சு நின்று, பிறகு தொடர வேண்டும். ஒரு வாக்கியம் தப்பினாலும் பொருள் போய்விடும் இல்லையா?

சரி, லைப்ரரிக்கு வருவோம். பழைய பாடங்களைப் பார்த்து இன்னும் பலர் எக்ஸோபிளேயர்2-ஐச் சேர்க்கிறார்கள். அது 2.19.1 பதிப்போடு நின்றுவிட்டது. எக்ஸோபிளேயர் இப்போது மீடியா3 என்ற தொகுப்புக்குள் இருக்கிறது. 2023-இல் அதன் 1.0 வந்தது, புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுங்கள். அதன் பகுதிகள் எல்லாம் ஒரே பதிப்பு எண்ணில் இருக்க வேண்டும். இணையத்திலிருந்து துண்டு துண்டாக வரும் எச்எல்எஸ் ஸ்ட்ரீமிங் வேண்டுமென்றால் அந்தப் பகுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். திரை அணைந்த பிறகும் ஒலிக்க பின்னணியில் ஓடும் மீடியா செஷன் சர்வீஸ் தேவை. ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைக்கும் செயலியானால், அந்த சர்வீஸுக்கு 'மீடியா பிளேபேக்' வகையையும் அதற்கான அனுமதியையும் மேனிஃபெஸ்ட் என்ற செயலியின் விவரக் கோப்பில் எழுத வேண்டும்.

அப்புறம், வேலை முடிந்ததும் பிளேயரை 'ரிலீஸ்' செய்யுங்கள், அதாவது விடுவியுங்கள். சுருக்கிய வீடியோவை விரித்துத் தரும் டிகோடர்கள் போனில் கொஞ்சம்தான். விடாமல் பிடித்துக்கொண்டே போனால், விலை குறைந்த போன்களில் அடுத்த வீடியோ திறக்கவே மறுக்கும்.

இப்போது ஒப்படைக்கும் முன் பசார் செனியில் ரயில் ஏறுகிறேன். மஸ்ஜிட் ஜமேக் போகும் வழியில் வண்டி சுரங்கத்துக்குள் நுழையும்போது நெட்டை அணைக்கிறேன், இயர்போனைப் பிடுங்குகிறேன், நண்பரை எனக்குப் போன் செய்யச் சொல்கிறேன். அந்த அம்மாவின் போனில் புதிய பதிப்பை நானே நேரில் போய் ஏற்றிக் கொடுத்தேன். வயரைத் தானே இரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனைப் பையில் வைத்தார்.