“கேஸ் முடியட்டும், அப்புறம் கவுன்சிலிங் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள்

ஒரு குழந்தைக்கு நடக்கக்கூடாதது நடந்து, எஃப்.ஐ.ஆர் போட்டு, ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிந்து, மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலமும் கொடுத்தாகிவிட்டது என்றால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு அமைதி வரும். போலீஸ் வருவது நின்றுவிடும். பேச வந்த சொந்தக்காரர்கள் குறைவார்கள். சாட்சி சொல்லச் சொல்லி சம்மன் வர மாதக்கணக்கில் ஆகும், சில வழக்குகளில் ஒரு வருடம் தாண்டிப் போகும். நான் அதிகம் பயப்படுவது இந்த இடைவெளிக்குத்தான்.

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில், குழந்தைகளோடு காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் போய்வருவது என் வேலை. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் இதற்கு ‘ஆதரவு நபர்’ என்று பெயர். மாவட்டத்தில் குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, குற்றவாளி என்று சொல்லப்படுபவர் ஜாமீனில் வந்துவிட்டாரா, அடுத்த வாய்தா எப்போது என்பதையெல்லாம் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் புரிகிற மாதிரி சொல்லவேண்டியது என் பொறுப்பு. இப்படி ஒருவரைக் கேட்டு வாங்கலாம் என்பதே நான் பார்க்கும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அந்த இடைவெளியில் பெற்றோர் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். “இப்ப எதுக்கு மேடம் அதைக் கிளறிக்கிட்டு? பாப்பா மறந்துட்டா. கேஸ் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

பாப்பா மறக்கவில்லை. நீங்கள் அழுவதைப் பார்க்க முடியாமல் பேசாமல் இருக்கிறாள், அவ்வளவுதான். நிறுத்தி வருஷக்கணக்கான பழக்கம் திரும்ப வந்து படுக்கையை நனைப்பது, பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, தம்பியைக் காரணமில்லாமல் அடிப்பது, இவை எல்லாமே அந்தப் பேச்சுதான். வாயால் வரவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

சில வக்கீல்களே இன்னொரு காரணம் சொல்வார்கள். கவுன்சிலிங் போனால், “சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள்” என்று எதிர்த்தரப்பு கிளப்பும் என்பார்கள். இந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குத் தீர்வு, குழந்தையைச் சிகிச்சை இல்லாமல் காயவிடுவது இல்லை. சரியாகச் செய்யப்படும் ஆலோசனையில் யாரும் “அன்றைக்கு என்ன நடந்தது, மறுபடி சொல்லு” என்று துருவுவதில்லை. தூக்கம், பயம், கோபம், தன் மேலேயே வருகிற அருவருப்பு, இவற்றோடு குழந்தை எப்படி வாழ்வது என்பதுதான் அங்கே வேலை. போக்சோ சட்டத்தின் 39-ஆவது பிரிவே, விசாரணைக்கு முன்னும் விசாரணையின்போதும் உளவியல், சமூகப்பணி தெரிந்தவர்கள் குழந்தைக்குத் துணையாக இருக்க இடம் தருகிறது. சட்டம் கொடுத்த உதவியை நாமே ஏன் வேண்டாம் என்று சொல்லவேண்டும்?

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயது. வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர்தான் காரணம். புகார் கொடுத்த அன்று, ஒரு காவல் நிலையத்திலிருந்து யூனிஃபார்மோடு இரண்டு பேர் தெருவே பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். 24-ஆவது பிரிவு, குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தை இருக்கும் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் பதிவு செய்யவேண்டும் என்கிறது. அந்த யூனிஃபார்மைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் யார் வந்தாலும் அம்மாச்சியின் சேலைக்குப் பின்னால் போய்விடுவாள்.

ஆலோசகரிடம் கூட்டிப்போனபோது செருப்பைக் கழற்றமாட்டேன் என்றாள். அறைக்கு வெளியே எல்லோரும் கழற்றிப் போட்டிருப்பார்கள், இவள் மட்டும் செருப்போடு உள்ளே போய், கதவுக்குப் பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்காருவாள். எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடலாம் என்ற இருப்பு அது. ஆலோசகர் ஒருநாளும் கழற்றச் சொல்லவில்லை. களிமண்ணைக் கொடுத்தார்; வாரக்கணக்கில் வடையும் முறுக்கும் செய்துகொண்டிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. என் வேலை வேறு, அவர் வேலை வேறு. ஏழாவதோ எட்டாவதோ வாரம், அந்தச் சின்ன ரோஸ் கலர் செருப்பு என் பெஞ்சுக்குக் கீழே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் கோர்ட்டைப் பற்றி அவளிடம் பேச ஆரம்பித்தேன். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே, அனுமதி வாங்கி, யாரும் இல்லாத நேரத்தில் கூட்டிப்போனேன். எந்த நாற்காலியில் உட்காருவாள், நீதிபதி எங்கே இருப்பார், பாத்ரூம் எங்கே, தண்ணீர் கேட்டால் யார் தருவார்கள், எல்லாம் காட்டினேன். என்ன பதில் சொல்லவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், புரியாத கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அக்கா, அந்த ஆளு என்னப் பார்ப்பானா?”

பார்க்க விடக்கூடாது என்பதுதான் சட்டம். 36-ஆவது பிரிவின்படி திரையோ வீடியோ இணைப்போ வைத்து, குழந்தை அந்த ஆளை எதிர்கொள்ளாதபடி செய்யவேண்டும். 33-இன்படி எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேட்கக்கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்கவேண்டும், நீதிபதிதான் கேட்பார். நடுநடுவே இடைவேளை உண்டு. 37-இன்படி மூடிய அறையில், குழந்தை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க, விசாரணை நடக்கவேண்டும். இதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே போய்த் திரை வேண்டும் என்று கேட்கவேண்டும். 40-ஆவது பிரிவின்படி குழந்தைக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.

வாய்தாதான் பெரிய எதிரி. கோர்ட் வழக்கைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்யவேண்டும், முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் வழக்கை முடிக்கவேண்டும் என்று 35-ஆவது பிரிவு சொல்கிறது. நடப்பது வேறு. மூன்று தடவை குளித்து, தலைசீவி, பள்ளிக்கு லீவு போட்டு வந்து, மூன்று தடவையும் “இன்னைக்கு இல்ல” என்று திரும்பிப் போன குழந்தைக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஆலோசனை தொடர்ந்து நடக்கிற குழந்தை அதைத் தாங்குகிற விதமே வேறு. “பெரியவங்க உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம்” என்று நெருக்குகிறவர்கள் வருவதும் இந்த வாய்தாக்களுக்கு நடுவில்தான். போக்சோ வழக்கு பேசி முடிக்கிற சொத்துத் தகராறு இல்லை.

என் தப்பு ஒன்றையும் சொல்லவேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனிடம், “ஏன்ப்பா அப்பவே சொல்லல?” என்று கேட்டுவிட்டேன். அன்போடுதான் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை. அந்தக் கேள்வி குழந்தையின் காதில் “உன் தப்புதான்” என்று விழுகிறது. “சொன்னது நல்லது, நான் நம்புறேன்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டால் ரகசியம் காப்பேன் என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்; 19-ஆவது பிரிவின்படி தெரிந்தவர் எவரும் போலீசில் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் இருப்பதும் குற்றம்.

அடி, பட்டினி, கவனிக்க ஆளில்லாமல் விடப்படுவது, இவற்றுக்கு எஃப்.ஐ.ஆர் இல்லாமலேயே குழந்தைகள் நலக் குழுவை அணுகலாம். சிறார் நீதிச் சட்டம் 2015 இப்படிப்பட்டவர்களையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் என்றே சொல்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், குழந்தையேகூட.

போக்சோ வழக்கில் புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். அங்கிருந்து உங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். இதற்கான அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். ஒரு வெள்ளைத்தாளில், எஃப்.ஐ.ஆர் எண்ணைப் போட்டு, “எங்கள் குழந்தைக்கு ஆதரவு நபரும் மனநல ஆலோசனையும் ஏற்பாடு செய்து தரவேண்டுகிறோம்” என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.