ஸ்கேன் பண்ணிவிட்டால் புத்தகத்தைப் போட்டுவிடலாமா?

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாற்றும்போது எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இந்தக் கேள்வி வந்துவிடும்: "தாத்தாவோட பழைய புத்தகமெல்லாம் இருக்கு சார், ஸ்கேன் பண்ணிட்டுப் பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமா?"

தயவுசெய்து போடாதீர்கள். மின்னாக்கத்தில், அதாவது நூலைக் கணினிக் கோப்பாக்கிக் காக்கும் வேலையில், ஸ்கேன் என்பது முதல் படிதான். அதுவும் எளிதான படி.

அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல், பொடி எழுத்து என்றால் 400, 600 வரை வைத்துப் படம் எடுக்கிறோம். முதுகு உடையாமலிருக்க, முழுக்க விரிக்காமல் 'வி' வடிவத் தாங்கியில் வைத்து எடுப்போம். மூலப்படம், தரம் குறையாத பெரிய படக் கோப்பான 'டிஃப்' கோப்பாகப் பத்திரமாக இருக்கும். நீங்கள் இணையத்தில் படிக்கும் பிடிஎஃப் அதிலிருந்து செய்த சிறிய நகல்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை: தேடினால் கிடைக்கும்படி விவரம் எழுதுவதும், கோப்பு கெடாமல் காப்பதும். எங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பங்கெடுத்த 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' 2000களின் தொடக்கத்தில் வந்தது. லட்சக்கணக்கில் நூல்கள் ஸ்கேன் ஆயின. ஆனால் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில், பல இடங்களில் தப்பும் தவறுமாகத் தட்டச்சாகியிருந்தன. புத்தகம் உள்ளே இருக்கும், தேடினால் வராது. பின்னாளில் அந்தத் தளமே முடங்கிப்போனது. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் நகல் இருப்பதால்தான் அவற்றில் பல இன்னும் நமக்குக் கிடைக்கின்றன. ஒரே இடத்தில் வைத்ததைப் பாதுகாத்ததாக நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று நகல் வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் கோப்பு சத்தமில்லாமல் கெடும். அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் 'செக்சம்' என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்து, அவ்வப்போது ஒப்பிடுகிறோம். எண் மாறியிருந்தால் நல்ல நகலிலிருந்து மீட்டுவிடலாம். இதற்கு வருடா வருடம் ஆளும் பணமும் வேண்டும். ஸ்கேனர் வாங்கக் கிடைக்கிற பணம் இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் பெரிய வருத்தம்.

கணினிக் கோப்பு மட்டும்தான் வழி என்றில்லை. சென்னை ரோஜா முத்தையா நூலகம் 1994இல் தொடங்கியதிலிருந்தே மைக்ரோஃபிலிம், அதாவது பக்கங்களைச் சுருக்கிப் படமெடுத்த ஃபிலிம் சுருள், எடுத்துவந்தது. பாலியெஸ்டர் ஃபிலிமைக் குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் வைத்தால் சுமார் 500 ஆண்டு தாங்கும் என்பது கணக்கு. படிக்க வெளிச்சமும் லென்சும் போதும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? உதிரும் தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். படிகாரம் சேர்த்த மரக்கூழ்த் தாளை அதிலுள்ள அமிலமே அரிக்கிறது. டேப்பின் பசை அதை இன்னும் கெடுக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஏதாவதொரு நூலகத்தில் அவசியம் காட்டுங்கள். தாத்தாவே எழுதிய நூல் என்றால், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்குப் பதிப்புரிமை உண்டு. அவர் அதை யாருக்கும் விற்றிருக்காவிட்டால், வாரிசுகள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவிடலாம்.